அமெரிக்காவில் அருளப்பன் இன்னும் சாகவில்லை

1

என் கணவர் அருளப்பனின் ஆறாவது ஆண்டு நினைவுப் பூசைக்குப் போய்விட்டு வந்து, குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பில் உலை வைத்த நேரத்தில் மகன் ஆல்பர்ட் கூப்பிட்டான். நான் இருப்பது இங்கிலாந்தின் நடுவில் ஒரு சின்ன ஊர். அவன் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸ். எனக்குச் சாயங்காலம் ஆகும்போது அவனுக்கு அப்போதுதான் விடியும். எழுந்ததும் அப்பாவின் நாளை நினைத்துக் கூப்பிடுகிறானே என்று ஒரு நிமிடம் மனசு இளகிவிட்டது. அந்த ஒரு நிமிடம் வீண்.

"அம்மா, ஒரு நியூஸ். நம்ம அமெரிக்க டிவி ஷோல அப்பாவா நடிக்கிறாருல்ல, அவருக்குப் பெரிய படம் ஒண்ணு கிடைச்சிருக்கு. இந்த சீசனோட போறாரு."

"போகட்டும். நல்லா இருக்கட்டும்."

"அதனால அப்பா சாகணும்மா."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையை எடுக்கவில்லை.

"ஏலே, அவரு செத்து ஆறு வருஷம் ஆச்சு. இப்பத்தான் பூசை கண்டுட்டு வாரேன்."

"ஓ, இன்னைக்கா?" என்றான். நாள் அவனுக்கு நினைவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு நாலைந்து தடவை சாரி சொன்னான். சொல்லி முடித்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டான். வேலை என்று வந்துவிட்டால் அவனுக்கு வெட்கம் கிடையாது, அதில் என்னைக் கொண்டவன்.

"இங்கிலாந்து ஷோல அப்பா சாகுறத நாங்க காட்டவே இல்லல்ல. இங்க அது ஒத்துவராதும்மா. சாகும்போது ஏதாவது பேசணும்னு சொல்றாங்க. அப்பா நிஜமா கடைசியா என்ன சொன்னாரு?"

ஆறு வருடத்தில் அவன் இதை என்னிடம் கேட்டதே இல்லை. அடக்கத்தன்று கேட்கவில்லை, முப்பதாம் நாள் பூசையில் கேட்கவில்லை, என் சமையலறையில் உட்கார்ந்து தின்ற எத்தனையோ கிறிஸ்துமஸில் கேட்கவில்லை. இப்போது கேட்கிறான், அதுவும் ஆபீஸ் வேலையாக. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது, அதைத்தான் தின்றேன்.

அருளப்பனிடம் இருந்ததையெல்லாம் இந்தப் பையன் எடுத்துக்கொண்டான். அவர் நடை, அவர் இருமல், வேட்டியை அவர் உதறும் விதம், எல்லாவற்றையும் டிவியில் விற்றாயிற்று. விற்காமல் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கடைசிப் பேச்சு ஒன்றுதான். அதையும் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் எனக்கு இந்த மாதம் முழுக்கப் பிரச்சினை.

2

கேரள மலைப்பக்கம் வண்டன்மேட்டிலும் சித்திரபுரத்திலும் இருக்கிற சொந்தக்காரர்கள், "ஒங்க குடும்பக் கதை அமெரிக்காவுல ஓடுதாமே" என்று கேட்டுக்கேட்டு என் காது புளித்துவிட்டது. அதனால் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்துக்காரனின் டிவி நகைச்சுவை எப்படியென்றால், வீணாய்ப்போன ஒரு மனிதனைப் பிடித்துக்கொள்வார்கள். ஆறு வாரம் அவனைப் போட்டுப் படுத்துவார்கள். அவன் திருந்தமாட்டான், முன்னேறமாட்டான், ஒருத்தரும் அவனைப் பார்த்துப் பரிதாபப்படமாட்டார்கள். ஆறாவது வாரக் கடைசியிலும் அவன் பஸ் ஸ்டாப்பில் மழையில் நனைந்துகொண்டு நிற்பான், கதை முடிந்துவிடும். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்கள் கிழவர்கள், பக்கத்து நாற்காலிக்காரர் சூப்பை மடியில் கொட்டிக்கொண்டால் வாய்விட்டுச் சிரிப்பார்கள், பிறகு அவருக்கே ஒரு நாப்கினும் நீட்டுவார்கள். அந்த ஜனங்களின் சிரிப்பு அப்படி. எனக்கு அது பிடித்துப்போய் வெகுநாளாகிவிட்டது.

இப்படி ஒரு தொடர் இங்கே பேர் வாங்கினால் அமெரிக்கக்காரன் வந்து வாங்கிக்கொண்டு போவான். முதல் வேலையாக வீட்டைப் பெரிசாக்குவான். அடுத்து எல்லோருடைய பல்லையும் வெளுப்பாக்குவான். ஆறு வாரக் கதையை வருடக்கணக்காக இழுக்கவேண்டும், அத்தனை நாள் ஒரு வீணாய்ப்போனவனை யார் சகிப்பார்கள் என்று அவனை நல்லவனாக்குவான். ஒவ்வொரு வாரமும் கடைசியில் யாராவது யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும். வாங்கிப்போனதில் பாதி முதல் மாதத்திலேயே மண்டையைப் போட்டுவிடும். எங்கள் குடும்பம் பிழைத்துக்கொண்டது.

அருளப்பன் போன பிறகு ஆல்பர்ட் இங்கிலாந்தில் எழுதியது மூன்று பேர் கதை. நாக்கில் விஷம் வைத்திருக்கும் ஒரு நர்ஸ், பஸ் டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டு தன்னை மேனேஜராக நினைத்துக்கொள்ளும் அவள் புருஷன், இரண்டு பேரையும் பார்த்து வெட்கப்படும் ஒரு மகன். எழுதுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் வாரம் பார்த்துவிட்டு, அவன் போனை எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இரண்டாவது வாரம் நர்ஸாக நடித்தவள் புருஷனைப் பார்த்து, "நீங்க பஸ்ஸக் கழுவுறீகளா, பஸ் ஒங்களக் கழுவுதா" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அது நான் கேட்டது. ஒரு எழுத்து மாறாமல் என்னுடையது. அதற்கு நாடே சிரித்தது என்று மறுநாள் வேலையில் சொன்னார்கள். அன்றைக்கு நான் ஷிப்ட் முடியும்வரை நிமிர்ந்தே நடந்தேன்.

அமெரிக்காவில் என்னை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அங்கே நான் சமைக்கிறேன். சமைக்காத நேரத்தில் அழுகிறேன். வாராவாரம் மருமகளிடமோ பக்கத்து வீட்டுக்காரியிடமோ பாடம் கற்றுக்கொண்டு, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிக் கட்டிப்பிடிக்கிறேன். எனக்கு இந்த வயதுவரை யாரிடமும் கற்றுக்கொள்ள ஒன்றும் அகப்பட்டதில்லை.

ஆரம்பத்தில் அந்த அமெரிக்க ஆபீசிலிருந்து ஒரு பெண் வீடியோவில் கூப்பிட்டு விவரம் கேட்டாள். கேரளா என்றால் மலையாளம்தானே, நீங்கள் எப்படித் தமிழ் என்றாள். எங்கள் தாத்தாமார் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு மலையேறினவர்கள் என்றேன். அப்படியென்றால் தமிழ்நாடா என்றாள். கேரளாவில் எங்களைப் பாண்டி என்பார்கள், மலையிறங்கிக் கம்பம் போனால் மலையாளத்தான் என்பார்கள் என்றேன். அவள் குறித்துக்கொண்டே வந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கடைசியில், பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று எங்களை மும்பைக்காரர்கள் ஆக்கிவிட்டார்கள். ஏலக்காய் அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது என்பதால் ஏலத்தோட்டம் தேயிலைத் தோட்டமாகிவிட்டது. தேயிலை மும்பையில் எங்கே விளையும் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் நான் கலைக்கு விரோதி ஆகிவிடுவேன். எட்டுக் குடும்பத்துக்கு ஒரே குழாய் இருந்த அருளப்பனின் லயத்து வரிசைவீடு, மலை உச்சியில் வெள்ளைத் தூண் வைத்த பங்களாவானது. தோட்டமே அவர் அப்பாவுடையதாம்.

அருளப்பனின் தங்கை லூர்துமேரி வண்டன்மேட்டில் இன்றைக்கும் ஏலக்காய் பறிக்கப் போகிறவள். பங்களாவைக் காட்டின வாரம் போன் செய்தாள்.

"மதினி, பிள்ளைக போன்ல போட்டுக் காட்டுச்சுக. அடிபொளியா இருக்கு. அண்ணன் என்னா செவப்பா இருக்காக."

"அது ஒங்க அண்ணன் இல்ல, நடிகரு."

"அது தெரியும் மதினி. அந்தத் தோட்டமும் பங்களாவும் நம்மளதுன்னு காட்டுறாக பாத்தீகளா. எங்க சூப்பர்வைசர் பொஞ்சாதி கேட்டுச்சு, ஏன் லூர்து, ஒங்களுக்கு இம்புட்டு இருந்துச்சான்னு."

"நீ என்ன சொன்ன?"

"வித்துட்டோம்னு சொல்லிட்டேன்."

இங்கிலாந்துத் தொடரையும் பாரேன், அதில்தான் உன் அண்ணன் உள்ளபடி இருக்கிறார் என்றேன். "அது வேண்டாம் மதினி. அதுல அண்ணனக் கேவலப்படுத்துறாக" என்றாள். உள்ளபடி காட்டினால் கேவலமாக இருக்கும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஏலக்காட்டில் அட்டைக்கடி பட்டுக்கொண்டு நிற்கிறவளுக்கு ஒரு பங்களா கிடைத்தால் வைத்துக்கொள்ளட்டுமே என்று விட்டுவிட்டேன்.

3

இரண்டு நாடும் எங்களை எப்படி நடத்தின என்பதற்கு ஒன்று சொல்கிறேன், கல்லறைக்கு நான் பெயின்ட் அடித்த விவகாரம்.

நம்மூரில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வருகிறதென்றால், முந்தின வாரமே குடும்பம் குடும்பமாய்ப் போய்ப் புல் வெட்டி, கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து வைப்போம். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திருப்பூருக்கோ கல்ஃபுக்கோ போயிருந்தால், மிச்சச் சுண்ணாம்பில் அவர்களுக்கும் ஒரு பூச்சு பூசிவிட்டு வருவோம். அதற்கு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. செய்யாமல் வந்தால்தான் பேச்சு வரும்.

அருளப்பன் போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாளுக்கு நான் கடையில் சுண்ணாம்பு தேடினேன், கிடைக்கவில்லை. மழைக்குத் தாங்கும் வெள்ளைப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கினேன். ஊருக்கு வந்திருந்த ஆல்பர்ட் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

"அம்மா, இங்க இதெல்லாம் யார்கிட்டயாவது கேக்கணும்."

"புருஷன் கல்லறைக்கு வெள்ளையடிக்க எவன்ட்டல கேக்கணும்?"

அடித்தேன். சுற்றுக்கல் பளிச்சென்று வந்தது. டப்பாவில் பாதி மிச்சம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பழைய கல், பேர்கூடத் தெரியாத அளவுக்குப் பாசி பிடித்துப் பச்சையாய்க் கிடந்தது. பிள்ளைகள் எங்கேயோ பிழைக்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்து அதையும் சுரண்டித் தேய்த்து இரண்டு பூச்சு கொடுத்தேன். ஆல்பர்ட் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மெழுகுவர்த்தியோடு போனபோது அங்கே ஒரு வயதானவர் பூங்கொத்தோடு நின்றார். இதைச் செய்தது நீங்களா என்று கேட்டார். ஆமாம், நன்றியெல்லாம் வேண்டாம் என்றேன். அவர் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கவில்லையாக்கும் என்று, "உங்கள் அப்பா ரொம்ப அழுக்காக இருந்தார். நான்தான் சுத்தம் செய்தேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். "அப்படியா" என்றார். பூவைக்கூட வைக்காமல் போய்விட்டார். அந்தப் பாசி அவர் அம்மாவுக்குப் பிடித்ததாம், வருடக்கணக்காகத் தொடாமல் காத்தார்களாம். இதெல்லாம் கல்லறை ஆபீசிலிருந்து கூப்பிட்ட பெண் சொல்லித்தான் தெரியும். பூ எவ்வளவு உயரம் வைக்கலாம், மெழுகுவர்த்தி எந்த மாதத்தில் கூடாது என்று அவள் சட்டத்தை ஒவ்வொன்றாக வாசித்தாள். எந்த மதத்தின் சடங்கு இது என்று கேட்டாள். கத்தோலிக்கம் என்றேன். அவளும் கத்தோலிக்கம்தானாம், கேள்விப்பட்டதில்லையாம்.

ஆல்பர்ட் இதை இங்கிலாந்துத் தொடரில் அப்படியே வைத்தான். நான் சொன்னது, அவர் "அப்படியா" என்றது, பூவோடு திரும்பிப் போனது. பின்னால் இசை கிடையாது. அந்த மனிதர் என்னை மன்னிக்கவில்லை, இன்றுவரை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார், தன் அப்பாவைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார். தொடரிலும் போட்டார்.

அமெரிக்காவில் அப்பாவைக் கொல்ல மனமில்லை. ஜனங்களுக்கு அந்த நடிகரைப் பிடித்துவிட்டது. ஆனால் கல்லறைக் காட்சியும் வேண்டும். அதனால் கல்லறையை ஒரு நாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் நாயே கிடையாது. அருளப்பனுக்கு நாயைக் கண்டால் ஆகாது, டிப்போ வாசலில் ஒரு நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு பின்வாசலால் போகிறவர். அங்கே அவர் உயிரோடு, பல் வெளுத்து, ஒரு நாயின் கல்லறைக்கு வெள்ளையடிக்கிறார். பக்கத்துக் கல்லறைப் பூனைக்கும் அடித்துவிடுகிறார். பூனைக்காரக் கிழவர் வருகிறார், தேம்புகிறார், தானும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொள்கிறார், பியானோ வாசிக்கிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். லூர்து அழுதுவிட்டதாகச் சொன்னாள். எனக்குக் கை அரித்தது, அடிக்க ஆள் இல்லை.

4

அருளப்பனைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் நல்லவர் இல்லை, கெட்டவரும் இல்லை, வேடிக்கையானவர். ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்த காலத்தில் ஏலம் கேட்க வரும் வியாபாரிகளைப்போல மூக்கை உறிஞ்சி, காயை நசுக்கி, உதட்டைப் பிதுக்கிக் காட்டுவார், பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்களாம். என் அப்பா சித்திரபுரத்தில் கரண்டாபீஸ் குவார்ட்டர்ஸில் இருந்தவர், ஏலக்காட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்க இஷ்டமில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் அருளப்பன் என் அப்பாவைப்போலவே தொண்டையைச் செருமினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குத்தான் கல்யாணம் நடந்தது.

ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கமாட்டார். எதிரில் இருக்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், பட்டதா என்று. யாரையும் பாராட்டமாட்டார். என்னையும் பாராட்டினதில்லை, பெற்ற பிள்ளையையும் பாராட்டினதில்லை. ஆல்பர்ட்டுக்கு லண்டனில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதும் முதல் வேலை கிடைத்தபோது, "சிரிக்க வைக்கச் சம்பளமா? நான் இவ்வளவு நாள் சும்மாவால குடுத்தேன்?" என்றார். அதோடு விஷயம் முடிந்தது.

அவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் ஆல்பர்ட் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனான். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் மோசமானது. அன்றைக்கு அவன் எழுதிய அந்த நிகழ்ச்சிக்கு லண்டனில் படப்பிடிப்பு. ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் சிரிக்கிற சத்தத்தோடு பதிவு செய்வார்கள், உள்ளே போகிறவர்களின் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். யாரையும் குறை சொல்லவில்லை என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். நான் குறை சொல்கிறேன். அப்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது போனைப் பிடுங்கி வைக்கிற வேலைக்கு அவன் போயிருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் வந்தான். டாக்டரிடம் பேசினான், இறப்புப் பதிவுக்கு ஓடினான், சவப்பெட்டி பார்த்தான், எல்லாம் செய்தான். என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று அவன் காத்திருந்தான், அவனாகக் கேட்பான் என்று நான் காத்திருந்தேன்.

பிறகு தொடரில் அந்த இடம் வந்தது. நர்ஸ் வீட்டுக்கு வருகிறாள், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே புருஷனின் செருப்பு. பையை மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறாள். அவ்வளவுதான். சாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. என்ன நயம், என்ன அடக்கம் என்று பேப்பரில் எழுதினார்கள். என் மகனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று தெரியாது, அதுதான் அந்த நயம். இங்கிலாந்துக்காரன் மௌனத்தைக் கொடுத்தாலும் மரியாதையாக வாங்கிக்கொள்வான். அமெரிக்கக்காரனிடம் அது செல்லாது, அவனுக்குப் பேச்சு வேண்டும்.

5

இரண்டு வாரம் இழுத்தடித்தேன். அவன் தினமும் கேட்டான். எழுதுகிற அறையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து, தெளிவான புத்தியோடு அவனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, எழுதிக்கோ."

"சொல்லும்மா."

"'ஆல்பர்ட்டுகிட்ட சொல்லு, அவன நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு. இத்தன நாளும் நான் அவன்ட்ட சொன்னதே இல்ல, அது என் தப்பு'ன்னாரு. அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டாரு."

இதில் ஒரு சொல்கூட நிஜம் இல்லை. பெருமை என்ற வார்த்தையை அருளப்பன் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. தப்பு என்ற வார்த்தையைக் கேட்டிருக்கிறேன், அடுத்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது. என் கையை அவர் பிடித்தது கல்யாணத்தன்று, பீடத்துக்கு முன்னால் சாமியார் பிடிக்கச் சொன்னபோது மட்டும். பிறகு ரோடு கடக்கும்போதுகூட முன்னால்தான் போவார், நான் பின்னால் ஓட வேண்டும்.

வேண்டுமென்றேதான் சொன்னேன். அப்பாவின் குரலை விற்று வீடு வாங்கியவன், இது அப்பாவின் குரல் இல்லை என்று கண்டுபிடிக்கிறானா பார்ப்போம் என்று சொன்னேன். "போம்மா, அப்பாவாவது இப்படிப் பேசுறதாவது" என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே நிஜத்தைக் கொடுத்திருப்பேன்.

அவன் அதைச் சொல்லவில்லை. தட்டச்சு செய்யும் சத்தம்தான் கேட்டது.

"தேங்க்ஸ்மா. பெர்ஃபெக்ட்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அடக்கத்துக்குக்கூட அப்படி அழவில்லை. புருஷன் போனதை ஏற்றுக்கொண்டாயிற்று, அவரை அவர் பிள்ளைக்கே அடையாளம் தெரியவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த வாரம் முதியோர் இல்லத்தில் என் வாயில் மாட்டாத கிழவர் கிடையாது. மாத்திரையை மறுத்த ஒருத்தரிடம், சாகப்போகிறவருக்கு என்ன பிடிவாதம் என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் காது கேட்காது, சிரித்தார்.

6

போன வியாழக்கிழமை ஆல்பர்ட் கூப்பிட்டான்.

"அம்மா, அந்த சீன் படிச்சோம். எல்லாரும் அழுதுட்டாங்க. ஒருத்தி எந்திரிச்சு வெளிய போயிட்டா."

"சந்தோஷம்."

"அப்புறம் ஒருத்தன் கேட்டான், இது நிஜமா உங்க அப்பா சொன்னதான்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

"ஏன் சிரிச்ச?"

"அப்பா அப்படிப் பேசுவாராம்மா?"

கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே நின்றேன்.

"நீ சொல்லும்போதே தெரியும். கையப் பிடிச்சாருன்னு ஒண்ணு போட்ட பாரு, அதுலயே தெரிஞ்சிருச்சு. அமெரிக்காவுக்கு அது போதும்மா."

"அப்ப ஏன் அன்னைக்கே கேக்கல?"

"கேட்டா நிஜத்தச் சொல்லிருவ."

"அது ஒனக்கு வேண்டாமா?"

பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"வேண்டாம்மா. சொன்னா எழுதிருவேன்."

அன்றைக்குத்தான் அவன் என் மகன் என்று எனக்கு நிச்சயமானது. அவன் சொன்னது சரி, எழுதத்தான் செய்வான். தன்னை வெட்டினாலும் ரத்தத்தைத் தொட்டு எழுதுகிற ஜாதி அவன். நிஜத்தைக் கேட்டால் முதலில் வலிக்கும், ஒரு வாரம் சோறு இறங்காது, அடுத்த வாரம் அது எங்கேயாவது ஒரு நடிகரின் வாயில் இருக்கும். அதனால் அவனிடம் சொல்லமாட்டேன்.

ஆனால் நானும் எத்தனை நாளைக்குத்தான் இதை வைத்துக்கொண்டிருப்பது? எனக்கும் வயதாகிவிட்டது. ஆல்பர்ட் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது, எனக்குச் சனிக்கிழமை ஷிப்ட், அருளப்பனுக்கு அக்கறையில்லை. அது குறை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அது வசதியாகப் போயிற்று. இந்தப் பக்கத்தை அவன் கையில் கொடுத்தாலும் அவனுக்கு ஒன்றும் விளங்காது. வாசிக்கிறவர்கள் யாரும் அவனுக்குப் போனில் படித்துக் காட்ட வேண்டாம். லூர்து, உனக்கும்தான் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முந்தின அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அருளப்பனுக்கு மூச்சுக்கு மாஸ்க் போட்டிருந்தது. கட்டிலோடு ஒரு சின்ன டிவி. ஆல்பர்ட் எழுதும் நிகழ்ச்சியின் முந்தின வாரத்துப் பகுதியை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். கண் மூடியிருந்தவர் அந்தச் சத்தத்துக்கு விழித்து, டிவியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். உள்ளே ஒருத்தன் என்னவோ சொன்னான், கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்னொருத்தன் ஏதோ சொன்னான், மறுபடியும் சிரித்தது. அருளப்பன் கையைத் தூக்கி மாஸ்க்கை ஒதுக்கினார். சாமியாரைக் கேட்கப்போகிறார், இல்லையென்றால் பிள்ளையைக் கேட்கப்போகிறார் என்று நான் அவர் வாயருகில் குனிந்தேன்.

"ஏட்டி," என்றார், "இதுக்கா சிரிக்கானுவ?"

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை, வார்டு நர்ஸ் திரைக்குள் தலையை நீட்டி என்ன என்று பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. வழக்கம்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே மாஸ்க்கை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்துச் சிரித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் இல்லை.